காய்ச்சல் போனபின் கன்னம் மரத்தால்

கொரோனா காலத்தில் ஆவி பிடிக்கலாமா, கபசுரக் குடிநீர் குடிக்கலாமா என்று காது மூக்கு தொண்டை டாக்டரான என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. "அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி நானும் அதே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்" என்பதை மட்டும் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். துருவித் துருவிக் கேட்டால்தான் வரும். குடியாத்தமோ ஆம்பூரோ ராணிப்பேட்டையோ, எங்கிருந்து வந்தாலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் ஒரு சீட்டு வரும், அதை மருந்துக்கடையில் நீட்டுவார்கள்.

அந்தச் சீட்டுகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருந்தது. அது கெட்ட மருந்து இல்லை. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்குப் போன நோயாளிகளுக்கு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. நம் ஊருக்கு முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். மண்ணிலும் அழுகிய பழத்திலும் சாதாரணமாக இருக்கும் மியூகர் பூஞ்சைக்கு இந்த இரண்டும் போதும். மூக்கு வழியாகப் போய் ரத்தக் குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் தூரம் அதிகமில்லை. 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை என்று ஊரே பயந்தது இதைப் பார்த்துத்தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று சொன்னால் நம்பியவர்கள் குறைவு.

எங்களுக்கு இன்னொரு சிக்கல். மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டால் நோயாளி தும்முவார், இருமுவார். வைரஸ் நேராக நம் முகத்துக்கு வரும். வேலூர் கத்திரி வெயிலில் கவச உடையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் ஸ்கோப் போட முடியாது. (தொண்டை வலிக்காரர்களைச் செல்போனில் வாயைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம், பாதிப் படங்களில் நாக்குதான் தெரிந்தது.) அதனால் யாருக்குக் கட்டாயம் ஸ்கோப் வேண்டும் என்பதைப் பேச்சிலும் கையிலுமே முடிவு செய்யப் பழகினோம்.

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம். ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் பழுப்பு நிறம். "இன்னா சார், மூக்கடைப்புக்கு இத்தனை கேள்வியா?" என்றார். கண்ணை மூடச் சொல்லி, திரித்த பஞ்சு நுனியால் இரண்டு கன்னத்திலும் மெல்லத் தொட்டேன். வலப்பக்கம் "தொட்டீங்க" என்றார். இடப்பக்கம் மரத்துப் போயிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை, அடுத்து எப்போது தொடப்போகிறேன் என்று காத்திருந்தார். அன்றே ஸ்கோப், சதைத் துணுக்குப் பரிசோதனை, ஸ்கேன். செத்த சதையை ஆபரேஷனில் எடுத்து, பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசி போட்டு, ரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் அடிக்கடி பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய நோய் இது. கண்ணுக்குப் போகும் முன் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

வாசனை போவது வேறு விஷயம். அதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். திரும்பாதவர்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கையும் தினம் இருவேளை முகர்ந்து பழகலாம்.

கொரோனா ஓய்ந்தாலும் மியூகர் போகவில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அது முன்பும் வந்தது, இப்போதும் வருகிறது. கன்னம் மரத்தாலோ, கண் இமை வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றே வாருங்கள். மேல் பல் ஆடுவதும் இதனால் இருக்கலாம், ஆனால் பல் ஆடினால் நம் ஆட்கள் நேராகப் பல் டாக்டரிடம் போவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரை இருப்பதையும், சமீபத்தில் சாப்பிட்ட மாத்திரைகளையும் அவரிடம் சொல்லிவிட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். பிடுங்கிய குழி ஆறாமல் கறுத்தபிறகு எங்களிடம் வந்தவர்கள் உண்டு.