புலி பிடிக்கும் என்றால் மட்டும் போதாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பல்லுயிரியம், அதாவது உயிரினங்களின் வகைகளைப் பற்றிய படிப்பு, படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நின்றார். உள்ளே, எதிரே ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்கள், பல ஆயிரம். பாதிக்கு மேல் காற்றில் ஆடிய புல். "இதை வைத்து என்ன செய்வது சார்?" என்றார். கேமராவை மரத்தில் கட்டுவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எதைத் தெரிந்துகொள்ள வைத்தீர்கள், இரண்டு கேமராவுக்கு இடையில் எவ்வளவு தூரம், எத்தனை இரவு ஓடியது, எதற்கும் பதில் இல்லை. "புலி வரும் என்று சொன்ன இடத்தில் வைத்தேன்."

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல்லுயிரியம் படிக்க வருகிறவர்களிடம் ஏன் இந்தப் பாடம் என்று கேளுங்கள். விலங்குகள் என்றால் உயிர் என்பார்கள். சந்தோஷம். ஆனால் இது விலங்குகளோடு பழகும் படிப்பு என்று யார்தான் இவர்களுக்குச் சொல்கிறார்களோ! இது எண்ணுகிற படிப்பு. எங்கே, எது, எத்தனை? போன முறையைவிடக் குறைந்திருக்கிறதா? உண்மையிலேயே குறைந்ததா, நாம் ஒழுங்காகத் தேடவில்லையா? அந்தக் கடைசிக் கேள்விக்குப் புள்ளியியல் இல்லாமல் விடை கிடையாது. கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் ஓடி வந்தவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொண்டு விழிப்பதை வருடா வருடம் பார்க்கிறேன்.

அப்புறம் இந்தப் புலி மோகம். பாலூட்டிகள் மொத்தமே ஏறத்தாழ 6,500 இனங்கள்தான். வண்டுகளில் பெயரிடப்பட்டவை மட்டும் 3,50,000-க்கு மேல். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் விலங்குகளுக்கு இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயர் சூட்டத் தொடங்கினார். இன்றுவரை பெயர் கிடைக்காத உயிரினங்கள் பல லட்சம். ஓர் உயிரினத்தைப் பார்த்தவுடன் அது எந்த வகைப்பாட்டுக் குடும்பம் என்று சொல்லக்கூடிய ஆட்கள் எல்லா இடத்திலும் குறைந்துகொண்டே போகிறார்கள். ஆள் தட்டுப்பாடு வண்டிலும் பாசியிலும், கூட்டம் புலியிடம்.

வண்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு குழிப்பொறி, அதாவது பூச்சிகள் விழுவதற்காக மண்ணில் புதைக்கும் கோப்பை, வைத்துப் பாருங்கள். கோப்பையின் விளிம்பு மண்மட்டத்துக்கு மேல் துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். விழுந்ததை ஆல்கஹாலில் போட்டு, சீட்டையும் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை கரைந்துவிடும். இடமும் தேதியும் இல்லாத குப்பியில் இருப்பது வெறும் செத்த வண்டு.

சரி, வேலை? இருக்கிறது. அணையோ சுரங்கமோ வருமுன் செய்யும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அருங்காட்சியகம், உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியம், விதை வங்கி, கணினியில் இடத் தகவல்களை வைத்து உருவாக்கும் ஜிஐஎஸ் வரைபடம், மரபணுத் தரவு, கொள்கை எழுதும் மேசை. 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. எந்த 30 சதவீதம், காத்ததால் என்ன மாறியது என்று அளக்க ஆள் வேண்டாமா? ஆனால் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியும் வரும்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். களப்பணி எத்தனை வாரம்? இனம் காணும் பயிற்சி உண்டா? புள்ளியியல் கணக்குக்கான 'ஆர்' (R) என்ற கணினி மொழி கற்றுத் தருகிறார்களா? மூன்றும் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். ஏதாவது ஒரு உயிர்க்குழுவை, அது சிலந்தியோ பெரணியோ, முதல் வருடமே பிடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம், சான்றிதழும் உண்டு என்று அழைக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அது சுற்றுலா. உங்கள் விண்ணப்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் நான் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன்.

அந்த மாணவி இப்போது புல்லையெல்லாம் தள்ளிவிட்டுப் படங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். புலி இல்லை. முள்ளம்பன்றி நிறைய. ஒரு கேமராவின் கடிகாரத்தில் வருடமே தப்பாக இருக்கிறது என்பதை நேற்றுதான் கவனித்தார்.