இணைப்புறத் தந்தைமை: சொல் விளக்கம்

கூட்டைக் காத்துக் குஞ்சுகளுக்கு இரையூட்டும் ஆண் பறவை ஒன்றிருக்க, அக்கூட்டின் குஞ்சு வேறோர் ஆணுக்குப் பிறந்திருப்பதே இணைப்புறத் தந்தைமை. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ட்ரா பேர் பெட்டர்னிட்டி’ என்பர். இத்தொடரின் வேர்கள் மூன்றும் இலத்தீன்: ‘எக்ஸ்ட்ரா’ வெளியே என்றும், ‘பார்’ நிகர் என்றும், ‘பாட்டர்’ தந்தை என்றும் பொருள்படும். இதைக் ‘கள்ள உறவு’ என்று எழுதுவது மனிதரின் ஒழுக்க வழக்கைப் பறவையின் தலையில் கட்டுவதாகும். ஒரே துணையோடு வாழ்வதை ‘ஒருதாரமணம்’ என்பதும் பொருந்தாது; தாரம் என்றால் மனைவி, பறவைக்கோ மணமே இல்லை. ஆகவே ‘ஒருதுணை வாழ்வு’ என்பதே தகும்.

பறவையினங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஒருதுணை வாழ்வின என்று 1968இல் பறவையியலாளர் டேவிட் லாக் கணித்தார். அது கண்ணால் கண்டதைக் கொண்டு செய்த கணிப்பு. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ், உயிருக்கு உயிர் வேறுபடும் மரபணுப் பொருளைக் கொண்டு உறவைக் காணும் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டறிந்தார். 1987இல் அது சிட்டுக்குருவிகளின் பெற்றோரைக் கண்டறியப் பயன்பட்டது. பிற இனங்களிலும் சோதனை தொடர்ந்தபோது, சேர்ந்து கூடு நடத்துவது வேறு, சேர்ந்து குஞ்சு பெறுவது வேறு என்பது தெளிவாயிற்று. முன்னதைச் ‘சமூக ஒருதுணைமை’ என்றும் பின்னதை ‘மரபணு ஒருதுணைமை’ என்றும் பிரித்து வழங்கலாம். பிரிவறியாத துணைக்குச் சங்கப் புலவர்கள் காட்டிய அன்றிலும், செந்தலையும் வளைந்த அலகும் உடையதாகப் பாடப்படுவதால் அரிவாள் மூக்கன் வகையாகலாம் என்பர். சேர்ந்தே இருப்பதைத்தான் அவர்கள் பாடினார்கள், அது சமூக ஒருதுணைமைக்குச் சான்றாகுமே அன்றி மற்றதற்கு ஆகாது.

கூட்டமாகக் கூடு கட்டும் நீர்ப்பறவைகளிடம் இச்சொல்லுக்கு வேலை மிகுதி. ஏரிப்பாசனம் மிகுந்த பழைய வடஆர்க்காட்டில், காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கமோ பாலாற்றங்கரையிலோ, ஒரே புளியமரத்தில் உண்ணிக்கொக்கும் மடையானும் வக்காவும் நெருக்கமாகக் கூடு வைப்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். கொக்கினத்தில் ஆண் சுள்ளி கொண்டுவரும், பெண் அதை அடுக்கும். ஆண் சுள்ளி தேடப் போன நேரத்தில் அயல் கூட்டு ஆண் வந்து பெண்ணோடு சேர்வதை உண்ணிக்கொக்குகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும் சேர்க்கை எல்லாம் கருவாவதில்லை. எனவே மரத்தடியில் எத்தனை நாள் காத்திருந்தாலும் தந்தை யார் என்பது தெரியாது.

அதற்கு மரபணு வேண்டும். பறவையின் சிவப்பணுவில், டி.என்.ஏ.வைக் கொண்ட உட்கரு உண்டு. ஆதலால் ஒரு சொட்டு இரத்தமே போதும். டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களின் நீளத்தை ஒப்பிட்டால், குஞ்சு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெற்றிருப்பது தெரியும். மர உச்சியில் இருக்கும் முதிர்ந்த கொக்கைப் பிடிப்பது அரிது. பிடிக்க, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் பெற வேண்டும். அதனால் ஒரு கூட்டின் குஞ்சுகளையே தம்முள் ஒப்பிடுவதும் உண்டு: தாய்க்கும் தந்தைக்கும் டி.என்.ஏ.வின் ஓரிடத்தில் இவ்விரண்டு நீள வடிவங்களே இருப்பதால், அவர்களுக்குப் பிறந்தவற்றில் அவ்விடத்தில் நான்கு வடிவங்களுக்கு மேல் காணக் கூடாது, ஐந்தாவது தென்பட்டால், திடீர் மாற்றமோ சோதனைப் பிழையோ இல்லாத நிலையில், மூன்றாவது பெற்றோர் ஒருவர் உண்டு.

அந்த மூன்றாமவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொரு பெண் வந்து முட்டையிட்டுப் போயிருந்தால், குஞ்சு கூட்டிலுள்ள தாயோடும் பொருந்தாது. அதனை ‘அயல்முட்டை இடல்’ என்று தனியே குறிக்க வேண்டும். தாயோடு பொருந்தி, கூட்டை நடத்தும் ஆணோடு மட்டும் பொருந்தாத குஞ்சுக்கே இணைப்புறத் தந்தைமை என்னும் சொல் உரியது.