டோசர் செயினை இறுக்காதீர்கள், வால்வைக் கழற்றாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு விரல். இந்த வருடத்தில் எனக்குத் தெரிந்து இது மூன்றாவது. இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

திருகோணமலையில் தம்பலகாமம் பக்கம் ஒரு காணி. தகப்பன் காலத்தில் வாங்கிய கோமட்சு டி50 டோசர் ஒன்று நிற்கிறது. பற்றை வெட்ட, வரம்பு போட, மழைக்கு அரித்த பாதையைச் சரிபண்ண என்று வருடத்தில் ஒரு மாதம் ஓடும், மீதி மாதமெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கும். செயின் விறைத்துப் போய்விட்டது, கொஞ்சம் இளக்குவோம் என்று மகன்காரன் பக்கத்து மூடியைக் கழற்றி, செயினை இறுக்கிப் பிடிக்கிற கிறீஸை வெளியே விடும் வால்வை ஸ்பேனர் போட்டுத் திருப்பியிருக்கிறான். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருப்பினான், அப்பவும் வரவில்லை. அடைத்துக்கொண்டது போல என்று வால்வை முழுதாகக் கழற்றி எடுத்து, ஓட்டைக்குள் இருந்த காய்ந்த கிறீஸை விரலால் நோண்டியிருக்கிறான். அப்போது வந்தது.

காயம் என்று பார்த்தால் ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளிதான். இரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. டீசலால் கழுவி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டான். விடியக் கை முழங்கை வரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டித் திறந்து கழுவியும் ஆட்காட்டி விரலில் பாதிதான் மிஞ்சியது.

தயவுசெய்து இதை மட்டும் வாசித்துவிட்டாவது போங்கள். கிறீஸோ ஹைட்ரோலிக் ஒயிலோ அழுத்தத்தோடு தோலுக்குள் போனால், காயம் எவ்வளவு சின்னது என்று பார்க்காதீர்கள். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள், அது பிறகுதான் வரும். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய், “மெஷினில் வெட்டுப்பட்டது” என்று சொல்லாமல், “அழுத்தத்தில் கிறீஸ் உள்ளே போய்விட்டது” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கிளினிக்கில் ஏற்புத் தடுப்பூசி போட்டு அனுப்பி வைக்கிற காயம் இல்லை இது, சத்திரசிகிச்சைக்குரிய காயம், ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. ஹைட்ரோலிக் குழாயில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கிற ஆட்களுக்கும் இதே கதைதான். ஒரு காட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள், காட்போட்டுக்கு விரல் இல்லை.

சரி, வால்வுக்கு வருகிறேன். கால் சுற்றுத் திருப்புங்கள், கிறீஸ் பக்கவாட்டில் வழிய வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம், ஆகக்கூடினால் ஒரு சுற்று. அதற்கு மேல் வேண்டாம். ஒரு சுற்றிலும் வரவில்லை என்றால் வால்வை அப்படியே விட்டுவிட்டு விலகி நின்று, மெஷினை ஒரு முழம் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், தானாக வரும். முகத்தை அந்த ஓட்டைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். அப்படியும் வராவிட்டால் அது உங்கள் வேலை இல்லை, எங்களைப் போன்ற மெக்கானிக்குகளின் வேலை.

ஆனால் என் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. செயினை அந்தளவுக்கு முதலில் இறுக்கி வைத்தது யார்? தகப்பன். கேட்டால், “செயின் லூசா இருந்தாக் கழண்டு போயிடும் தம்பி, டைட்டா இருந்தாத்தான் மெஷினுக்கு நல்லம்.” பதினெட்டு வருடமாக மூதூரிலும் கந்தளாயிலும் குச்சவெளியிலும் இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சைக்கிள் செயினை வைத்து டோசரை யோசிக்கிறார்கள். மேல் ரோலருக்கும் முன் சில்லுக்கும் இடையில் செயின் தொய்ந்து கிடப்பதைக் கண்டதும் மனசு பொறுக்கவில்லை, கிறீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

தொய்வு இருக்க வேண்டும். அது பழுது இல்லை, அளவு. பழைய சிறிய, நடுத்தர டோசர்களில் பெரும்பாலும் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரும். உங்கள் மெஷினின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் புத்தகம் சொல்வதுதான் சரி. அளக்கும் விதமும் முக்கியம். சம தரையில் மெஷினை முன்னுக்கு ஓட்டி, பிரேக் மிதிக்காமல் தானாக நிற்க விடுங்கள். ஒரு நேர்ப் பலகையை முன் சில்லின் மேலிருந்து மேல் ரோலர் வரை செயினில் வைத்து, நடுவில் ஆக ஆழமான இடத்தில் ஸ்கேலால் அளவுங்கள். இரண்டு நிமிட வேலை. இரண்டு பக்கமும் அளவுங்கள், ஒரு பக்கம் சரி என்றால் மறுபக்கமும் சரி என்று யாரும் எழுதித் தரவில்லை.

இறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? தொய்வு அரை அங்குலத்துக்குக் குறைந்தால் செயினில் உள்ள இழுவை கொஞ்சமாகக் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடும். அந்த இழுவை முழுவதும் செயின் மூட்டில் உள்ள பின் (pin) என்கிற இரும்புத் தண்டுக்கும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்கிற குழாய்க்கும், பின்பக்கம் உள்ள பற்சில்லுக்கும் முன் சில்லின் பேரிங்குக்கும் போய் விழும். எஞ்சின் எரிக்கிற டீசலில் ஒரு பங்கு மண்ணைத் தள்ளப் போகாமல் செயினைச் சுற்றுவதற்கே போகும். மெஷினுக்கு மூச்சில்லை, இஞ்செக்டர் பார்க்க வேணும் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்தால் செயின் வீணைத் தந்தி மாதிரி நிற்கிறது.

இன்னொன்று. “செயின் இழுபட்டு நீண்டுபோச்சு” என்கிறார்கள். அந்தக் கனத்த இரும்பு எங்கே இழுபடுவது? ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் தேய்கிறது, மூட்டுக்கு மூட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடுகிறது, முழுச் செயினிலும் சேர்த்துப் பார்த்தால் நீளம். இப்போது செயினின் இடைவெளி ஓர் அளவு, பற்சில்லின் இடைவெளி வேறு அளவு. நீங்கள் இறுக்குவதால் அந்த இரண்டும் மறுபடி பொருந்தப் போவதில்லை. தேய்வை இறுக்கத்தால் மறைக்கிறீர்கள், மறைத்த தேய்வு இன்னும் வேகமாகப் போகிறது, மறுபடி தொய்கிறது, மறுபடி இறுக்குகிறீர்கள். பற்சில்லின் பற்கள் அரிவாள் மூக்கு மாதிரிக் கூராகி வளைந்திருந்தால் கிறீஸ் கன்னைக் கீழே வைத்துவிடுங்கள். நேரத்தோடு கண்டால் பின்னையும் புஷ்ஷையும் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம், அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும். பிந்திப்போனால் முழுச் செற். அந்தக் காசுக்கு என்ன விற்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதோடு, தம்பலகாமம், கந்தளாய் வயல் களியில் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். களி பற்சில்லுக்கும் செயினுக்கும் இடையில் போய் அடைபடும்போது செயின் தானாகவே இறுகும். கராஜில் கழுவித் துடைத்து அளந்த அளவு சேற்றில் நிற்காது. அதனால் வேலை செய்கிற மண்ணோடுதான் அளக்க வேண்டும், கழுவிவிட்டு அளந்தால் ஏமாந்து போவீர்கள். புல்மோட்டைப் பக்கக் கடற்கரை மண் இன்னொரு விதம், அது அடைக்காது, அரம் மாதிரி அராவும். அங்கே இறுக்கி ஓட்டுவது செயினுக்குச் சாணை பிடிப்பது போல. எந்த மண்ணானாலும் ரிவேர்ஸில் வேகமாகப் போகாதீர்கள், புஷ்ஷும் பற்சில்லும் ரிவேர்ஸில்தான் கூடத் தேயும்.

அதற்காகத் தொங்கத் தொங்க ஓட்டச் சொல்லவில்லை. மிதமிஞ்சித் தொய்ந்தால் திரும்பும்போது செயின் கழரும்தான். அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

செயினைப் பற்றியே எழுதி நேரம் போய்விட்டது. மற்றதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள், இதில் விரல் போகாது, ஆள் போகும்.

ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் பண்ணுகிறவர்களே, அப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? செயினுக்குப் பக்கத்தில். கியர் விழுந்திருந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகிற அந்த நொடியே நகரும், சீட்டில் ஆள் இல்லை, நிறுத்த யாரும் இல்லை. சாவி வேலை செய்யவில்லை என்றால் சாவியைத் திருத்துங்கள்.

குளக்கட்டில் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று. திருப்புகிற லீவரும் பிரேக் மிதியும் தனித்தனியாக உள்ள பழைய மெஷினில், சரிவில் இறங்கும்போது இடது லீவரை மட்டும் இழுத்தால் மெஷின் வலப்பக்கம் வெட்டும். ஆமாம், எதிர்ப்பக்கம். இறக்கத்தில் மெஷினைப் பிடித்து வைத்திருப்பது எஞ்சின். இடது கிளச் விட்டதும் அந்தப் பக்கச் செயினுக்குப் பிடி இல்லை, அது முந்தி ஓடும். பெக்கோ (மண் தோண்டுகிற மெஷின்) ஓட்டிப் பழகிவிட்டுப் பழைய டோசரில் ஏறுகிறவர்களுக்கு இது தெரியாது, கட்டின் விளிம்பில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இறங்குவதற்கு முன்பே கீழ்க் கியருக்கு வாருங்கள், லீவரோடு அந்தப் பக்க பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், நடுச் சரிவில் கியர் மாற்றாதீர்கள். வெயிலுக்குப் போட்ட தகரக் கூரை, மெஷின் உருண்டால் உங்களைக் காப்பாற்றாது.

தூக்கின பிளேட்டுக்குக் கீழே தலை வைக்காதீர்கள். அதைத் தாங்குவது ஒயிலும் ஒரு பழைய சீலும்தான். நிறுத்தினால் பிளேட் தரையில். தூக்கித்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால் கனமான பாலைமரக் கட்டை வைத்து, அதன்மேல் இறக்கிவிட்டுப் போங்கள்.

பட்டுப்போன பனையைத் தள்ளும்போது வேர் அசைவதற்கு முன் வட்டுப்பகுதி முறிந்து உங்கள் தலைக்குமேல் வரும். தள்ளுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், தை வரைக்கும் எங்களுக்கு மழைதானே. ரோலர்களில் உள்ள சேற்றை ஈரத்தோடு தட்டி எடுங்கள், காய்ந்தால் ரோலர் சுற்றாது, சுற்றாத ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். மெஷினைப் பலகையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள், பாதியில் விட்டால் உள்ளே நீர் வியர்க்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் தாங்கியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். 2022-இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பீப்பாயில் சேர்த்து வைத்ததை இன்னும் ஊற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அதை விளக்குக்கும் ஊற்றாதீர்கள். நிலாவெளிப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாதீர்கள். இங்கே பனி விழாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அது துருப்பிடிக்காமல் இருக்கவும்தான்.

புகைக்குழாய் வாயில் ஒரு டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். மழைத்தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அமத்தினால் கொன்ராட் (பிஸ்டனோடு சேர்ந்த தண்டு) வளைந்துவிடும். தை மாதம் டின்னை எடுக்கும்போது பார்த்து எடுங்கள், உள்ளே குளவிக்கூடு இருக்கும், சீட்டுக்கு அடியில் பாம்பும் இருக்கலாம்.

அந்த டி50 இப்போது என் கராஜ் வாசலில் நிற்கிறது. மறுபக்க வால்வை நான்தான் இளக்கினேன். சுற்றியிருந்த மண்ணைக் கம்பியால் சுரண்டி, கால் சுற்றுத் திருப்பி, மெஷினை ஒருமுறை முன்னுக்கு எடுத்தேன், கிறீஸ் வழிந்தது. தகப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானா தம்பி?” என்றார். இவ்வளவுதான் ஐயா. அதனால்தான் சொல்கிறேன், வால்வில் ஸ்பேனர் வைக்கிறதுக்கு முன்னால் எனக்கோ, உங்கள் ஊரில் உள்ள வேறு எந்த மெக்கானிக்குக்கோ ஒரு போன் எடுங்கள். இரவு பத்து மணியென்றாலும் எடுப்பேன், காசு கேட்க மாட்டேன்.