பழைய டிப்ளோமாவின் கிரெடிட் யூதவியல் பட்டத்தில் சேருமா?

இறையியல் டிப்ளோமா முடித்துவிட்டு அடம்பனிலோ மாங்குளத்திலோ மறைக்கல்வி கற்பிக்கும் ஒருவருக்கு எபிரேயத்தில் ஆசை பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஏற்பாட்டில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துக்கி' என்ற சொல் நம்முடைய தோகையிலிருந்து போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் யூதவியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். ஏற்கெனவே படித்ததை மறுபடி படிக்க வேண்டுமா? முழுவதையும் படிக்க வேண்டியிருக்காது; படித்த பாடங்களின் கிரெடிட்டில் ஒரு பகுதியைப் புதிய பட்டத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடும்.

இந்தக் கிரெடிட்டுக்கும் சாதாரண தரத்தில் வாங்கும் திறமைச்சித்திக்கும் சம்பந்தமில்லை. இது படிப்பின் அளவு. நம் நாட்டுக் கல்வித் தகைமைகளை அளவிடும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 1 கிரெடிட் என்பது 50 மணி நேரம். வகுப்பு, வீட்டு வாசிப்பு, பயிற்சி, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு வருட முழுநேரப் படிப்பு 30 கிரெடிட், பொதுப் பட்டம் 90, சிறப்புப் பட்டம் 120. ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 போடுவார்கள். ஆகவே நமது 30ஐயும் அவர்களுடைய 60ஐயும் பார்த்து, பாதிதான் படித்திருக்கிறோம் என்று சோர்ந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நாலு வருடப் பட்டம் பெரும்பாலும் 120.

எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது நீங்கள் போய்ச் சேரும் பல்கலைக்கழகம். முன்பு படித்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா, பாடத்தில் என்ன தரம் வந்தது, புதிய பட்டத்தில் அந்தப் பாடத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்மவரின் பழைய ஏற்பாட்டு வரலாறு யூதவியல் பாடமாகவே சேரலாம். பிரசங்கக்கலை சேர்ந்தால் விருப்பப் பாடமாகத்தான் சேரும். எபிரேயத்தில் ஒரு சிக்கல் உண்டு: அவர் படித்தது விவிலிய எபிரேயம், அங்கே கேட்பது இன்றைய பேச்சு எபிரேயமாக இருக்கலாம். அப்படியானால் மொழித்தேர்வு வைத்து மட்டம் பார்ப்பார்கள். எவ்வளவு கொண்டுபோனாலும் பட்டத்தின் ஒரு பகுதியைத் தங்களிடமே படிக்கவேண்டும் என்ற விதி அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கிறது.

சான்றிதழை மட்டும் அனுப்பினால் போதாது. பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தைப் பழைய நிறுவனம் உறையில் மூடி, முத்திரை வைத்து நேரே அனுப்பச் சொல்வார்கள். அதைவிட முக்கியம் பாடத்திட்டம். எத்தனை வாரம், என்ன நூல்கள், எத்தனை மணி நேரம் என்று எழுதிய அந்த நாலு தாள் இருந்தால்தான் பாடத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 2009இல் உரப்பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஃபைல் நனைந்து ஒட்டிப்போன வீடுகள் இங்கே உண்டு. மனம் தளரவேண்டாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மறுபடி எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். டிப்ளோமாவுக்கு அந்த நிறுவனத்தின் பதிவாளருக்குக் கடிதம் எழுதுங்கள்; பாடத்திட்டத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்தப் பட்டத்தை வைத்து இங்கே அரச வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று சேருமுன்பே எழுதிக் கேளுங்கள். எத்தனை கிரெடிட் சேர்ப்பார்கள் என்பதையும் முதல் தவணைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன எண்ணிக்கையை நம்பிக் காணி அடகு வைக்காதீர்கள்.