நிமோனியாவுக்கு எதற்கு இதயப் பரிசோதனை?

பெரியப்பாவை நிமோனியா என்று சேர்த்த இரவு, தாதி இதயப் பரிசோதனைக்கென்று இரண்டாவது முறை ரத்தம் எடுத்துப் போனார். பெரியம்மா மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சு வலியே இல்லையே, எதுக்கு ஹார்ட் டெஸ்ட்? எதையாவது மறைக்கிறாங்களா?"

சிங்கப்பூரில் அதிக உயிர்களைப் பறிக்கும் முதல் மூன்று காரணங்களில் புற்றுநோய், இதயநோயோடு நிமோனியாவும் ஒன்று. அதனால் பெரியம்மாவின் கேள்வி பல வீடுகளுக்குப் பொதுவானதுதான்.

இதயத்தின் வலப்பக்கத்துக்கு ஒரே வேலை, நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது. அந்தப் பாதையில் சராசரி அழுத்தம் 15 மில்லிமீட்டர் பாதரசம் அளவில்தான் இருக்கும்; உடலின் பெரிய தமனிகளில் அந்தச் சராசரி 90 அளவில் இருக்கும். வேலை இலகுவானது, சுவரும் மெல்லியது. நுரையீரலில் ஒரு பகுதிக்குக் காற்று போகாவிட்டால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, நல்ல பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். எனக்கு உடலின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்றாகத் தோன்றுவது இது. ஆனால் இரண்டு பக்கமும் சளியும் நீரும் அடைத்துக்கொண்டால்? எங்கும் குழாய்கள் சுருங்கும். மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை முக்கித் தள்ளி, விரிந்துபோகும்.

எடுத்த ரத்தத்தில் தேடுவது இரண்டு பொருட்களை. முதலாவது பிஎன்பி என்ற ஹார்மோன்; இழுபட்ட இதயத் தசை அதை ரத்தத்தில் விடுகிறது. உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளி, குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் பாரத்தைக் குறைப்பது அதன் வேலை. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டதால் பெயரில், 'பி' என்ற முதல் எழுத்தாக, மூளை (brain) ஒட்டிக்கொண்டது. பெரும்பகுதி சுரப்பது இதயத்தின் கீழறைகளில்தான். பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனுடன் பிறக்கும் என்டி புரோபிஎன்பி என்ற துண்டு இன்னும் சற்று நேரம் தங்கும்.

இரண்டாவது, டிரோபோனின், வேறு வகை. அது இதயத் தசை சுருங்கி விரிவதைக் கட்டுப்படுத்தும் புரதம். இருக்க வேண்டிய இடம் தசைக்குள். ஆக்சிஜன் குறைந்து, காய்ச்சலில் துடிப்பு எகிறி, தொற்றின் அழற்சியும் சேரும்போது தசை அடிபட்டு அது ரத்தத்தில் கசியும். இன்றைய பரிசோதனைகள் ஒரு லிட்டரில் சில நானோகிராமைக்கூடக் காட்டிவிடும்.

இந்த எண்களுக்கு எவ்வளவு கனம் என்பதை 2020இல் ஊஹானிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. கோவிட் நோயாளிகள் 416 பேரில் 82 பேருக்கு டிரோபோனின் உயர்ந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த 82 பேர் வயதிலும் மூத்தவர்கள், முன்பே நோய் உள்ளவர்களும் அவர்களில் அதிகம். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தவர்களிடமும் இதே போக்கு உண்டு. ரத்த அழுத்தம் சரியாக இருந்தாலும் வலது கீழறை திணறி, டிரோபோனினும் கூடியிருந்தால், திடீரென்று நிலை மோசமாகலாம் என்று அவர்களைக் கூடுதல் கண்காணிப்பில் வைப்பார்கள்.

டிரோபோனின் உயர்ந்தால் மாரடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு எண் ஏறவோ இறங்கவோ வேண்டும். இசிஜி மாற்றமோ நெஞ்சு வலியோ போல, ரத்த ஓட்டம் தடைப்பட்டதற்கான அடையாளமும் வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரண்டு எண்களும் எப்போதுமே கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். இங்குள்ள இந்தியரிடையே நீரிழிவு அதிகம், அது சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் இதை நாம் நினைவில் வைக்க வேண்டும். உடல் பருத்தவர்களுக்கோ பிஎன்பி ஏமாற்றும்படி குறைவாகவே தெரியும்.

அப்புறம், எண்ணை இறக்குவதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், அளவான டிரிப் என்று நுரையீரலைத்தான் கவனிக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு மறுநாள் டிரோபோனின் ஏறவில்லை. என்டி புரோபிஎன்பி மட்டும் உயர்ந்தே இருந்ததால் டிரிப்பைக் குறைத்து, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். வலது கீழறை சற்று விரிந்திருந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ. அன்றைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியதைப் பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி: "முன்ன விட வலது பக்கம் சுருங்கிருக்கா?"