புகைபோக்கியில் கிடைத்த செருப்பைத் தயவுசெய்து கழுவாதீர்கள்

மறுபடியும் ஒன்று. இங்கிலாந்தில் பழைய வீடு, புதுப்பிக்கும் வேலை, கணப்புக்கு மேலே புகைபோக்கியின் உள்விளிம்பில் ஒற்றைத் தோல் செருப்பு. வேலையாள் எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் சோப்புப் போட்டுக் கழுவி, ரேடியேட்டர் மேல் காயவைத்த பிறகுதான், பழம்பொருள் வேலை பார்க்கும் எங்களைக் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால் தோல் சுருங்கி, தையல் விட்டு, கருவாடாகக் கிடக்கிறது.

"யாரோ தொலைத்தது" என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். தொலைந்த செருப்பு புகைபோக்கிக்குள் ஏறி உட்காராது. கணப்பின் மேல், சுவருக்குள், கூரையில், தரைப்பலகைக்கு அடியில் என்று வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒற்றை, நன்றாகத் தேய்ந்தது, பல சமயம் குழந்தையுடையது. நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகம் 1950களிலிருந்து இவற்றைப் பட்டியலிட்டு வருகிறது. தீயதை விரட்டவா, அதிர்ஷ்டத்துக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை, ஏனென்றால் வைத்தவர்கள் காரணத்தை எழுதி வைக்கவில்லை. ஆகவே பொருள் இருந்த இடம்தான் சாட்சி. எந்தச் சுவர், எவ்வளவு உயரம், செருப்பின் முனை எந்தப் பக்கம், கூடவே என்ன இருந்தது? எடுத்த கையோடு பாதிச் சாட்சி போய்விடுகிறது. மீதிப் பாதி அதில் ஒட்டியிருக்கும் புகைக்கரியும் மண்ணும்; அதைச் சோப்பு கொண்டுபோய்விடுகிறது.

உத்திரங்களில் நீர்த்துளி வடிவத்தில் தெரியும் கருகலும் இப்படித்தான். "மெழுகுவர்த்தி தவறிப் பட்டிருக்கும்" என்று சொல்லித் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுடரைச் சாய்த்துப் பல நிமிடம் பிடித்தால்தான் அந்த வடிவம் வரும். கென்ட்டில் உள்ள நோல் மாளிகையில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் வரக்கூடும் என்று தயார்செய்த அறையின் தரைக்கு அடியிலும் கணப்பைச் சுற்றியும் இப்படிப்பட்ட கருகல்களும் கீறல்களும் 2014இல் வெளிப்பட்டன. மர வளையங்களை வைத்து மரம் வெட்டிய காலம் 1606ஐ ஒட்டியது என்று கணித்தார்கள். மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி அம்பலமாகிச் சில மாதங்களே ஆன நேரம்.

எலிக்கூடும் குப்பையில்லை. நார்ஃபோக்கின் ஆக்ஸ்பர்க் மாளிகையில் 2020இல் பரண் தரைக்கு அடியிலிருந்த எலிக்கூடுகளில் எலிசபெத் காலத்துத் துணித்துண்டுகளும் கையெழுத்துத் தாள்களும் கிடைத்தன. சுண்ணாம்புச் சாந்துப் பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டதால் கெடாமல் இருந்தவை. வேக்யூம் கிளீனரை வைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஏதாவது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, தொடுவதற்கு முன்பே நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த அறை, சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறியுங்கள். எடுத்தே தீரவேண்டுமென்றால் நைட்ரைல் கையுறை, அமிலமற்ற டிஷ்யூ தாள், அட்டைப்பெட்டி. ஈரமான பொருளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து மறந்துவிடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். சூனியத்தை விரட்ட ஒளித்து வைத்த, அடைப்பு மூடிய ஜாடியா? குலுக்காமல் நிமிர்த்தியே வையுங்கள், திறக்கவே வேண்டாம். கிரீனிச்சில் 2004இல் திறக்கப்படாமல் கிடைத்த ஜாடியில் ஆணி, குண்டூசி, முடி, நகத்துண்டு, சிறுநீர் எல்லாம் இருந்தன. அந்தச் சிறுநீரில் நிகோடின் தடயம் வரை கண்டுபிடித்தார்கள்.

ஆர்வத்தில் உங்கள் நுரையீரலை மறக்காதீர்கள். எலி எச்சமும் ஈயப் பெயின்ட் தூசும் சேர்ந்த இடத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவது வேலைக்காகாது. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் வேண்டும். குழாயைச் சுற்றி அஸ்பெஸ்டாஸ் போலத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சட்டமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 300 ஆண்டுக்கு மேற்பட்ட, 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடமாக அரசு பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவதே குற்றம்.

செருப்பை எடுத்ததால் கெட்டது வருமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பதிவு செய்த பிறகு பழைய இடத்திலேயே வைத்து மூடிவிடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. கூடவே தேதியும் விவரமும் எழுதிய அமிலமற்ற தாள் ஒன்று. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மங்கிவிடும்.