சி.டி. ஆஞ்சியோ: சொல்லுக்குள் ஒரு கலம்

ஆஞ்சியோ என்றதும் நெஞ்சுவலி வந்த பெரியவர்தான் நினைவுக்கு வருவார். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அதை எழுதிக்கொடுத்தால் பெற்றோருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் சொல்லில் இதயமும் இல்லை, அடைப்பும் இல்லை. ஆஞ்சியோ என்பது ‘ஆஞ்சியோகிராஃபி’யின் சுருக்கம். கிரேக்கத்தில் ‘ஆங்கெயோன்’ என்றால் கலம், பாத்திரம். ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுவது, வரைவது. சி.டி.யின் ‘சி’ கணினி; ‘டி’ டோமோகிராஃபி, அதன் வேரான ‘டோமோஸ்’ வெட்டிய துண்டு. கத்தி படாமல் உடலை வில்லை வில்லையாக அரிந்து, குருதி ஓடும் கலன்களைக் காட்டும் படம். அவ்வளவுதான். சி.டி.யில் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971-ல், லண்டனில். ஆஞ்சியோ அதைவிட மூத்தது.

குழந்தைக்கு எதற்கு? இதயத்திலிருந்து குருதியை உடலுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய் பெருந்தமனி. கருவில் அதன் வளைவு மூச்சுக்குழாயின் இருபுறமும் தோன்றும். வலப்பக்க வளைவு பிறகு மறைந்துவிடும். மறையாமல் நின்றால், இரண்டும் சேர்ந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மோதிரம்போல இறுக்கும். மூச்சில் கீச்சென்று ஒலி வரும், பால் குடிக்கத் திணறும். இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ கருவியில், அந்த அலை காற்றைத் தாண்டாது. அதனால் மூச்சுக்குழாய் அதில் சரியாகத் தெரியாது. சி.டி.யில் மோதிரமும் அது நெரிக்கும் இடமும் ஒரே படத்தில் கிடைக்கும்.

கலன்கள் பளிச்சென்று தெரிய அயோடின் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். பால் குடித்துத் தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்தே பல நேரம் எடுத்துவிடலாம், மயக்கமருந்து வேண்டாம். வளரும் உடலைக் கதிர்வீச்சு கூடுதலாகப் பாதிக்கும் என்பதால் அளவைக் குறைத்து, முடிந்தவரை ஒரே சுற்றில் முடிப்பார்கள்.

சரி, தமிழில்? ‘இரத்தநாள வரைபடம்’ என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் நாளம் எல்லாக் குருதிக்குழாய்க்கும் பொது. தமனி, சிரை அதன் வகைகள். இலங்கையிலோ நாடி, நாளம் என்று பிரிப்பார்கள். அங்கே நாளம் சிரையை மட்டும் குறிக்கும். பெருந்தமனிக் கோளாற்றுக்கு ‘நாள வரைபடம்’ என்றால் அங்குள்ளவர் குழம்பத்தான் செய்வார். என் ஓட்டு ‘குருதிக்கலன் வெட்டுப்படம்’ என்பதற்கே. கிரேக்கப் பாத்திரம் நம் கலனிலும் அப்படியே இருக்கிறது. கடைசி ‘ன்’ மட்டும் கவனம்: இலங்கைப் பாடநூலில் ‘கலம்’ என்றால் உயிரணு.